மழலைச் சினம்

சினம் பிறத்தற்குரிய நிலைக்களன்கள் நான்கு எனத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் வகுத்துரைத்தார். ஒருவன் பிறனுடைய உறுப்பை அறுத்தால் சினம் பிறக்கும். குடிக்குக் கேடு சூழ்ந்தால் பிறக்கும். வைதும் அடித்தும் அலைத்தால் பிறக்கும். கொலை புரிந்தால் பிறக்கும். நான்கும் பெருங்குற்றங்கள். சிறிய காரணம் பற்றிச் சினவுதல் பெரியோர்க்கு அழகன்று என்னும் குறிப்பும் இதனால் பெறப்படுகின்றது.

இரண்டரை வயதுக் குழந்தை இவ்விலக்கணத்தைக் கற்றதில்லை. எனினும், அதன் சினமும் இந்நான்கினுள் செவ்வனே அடங்கிவிடுகின்றது. உரித்த வாழைப்பழம் இரண்டாக ஒடிந்துவிட்டதா? அஃது உறுப்பை அறுத்த குற்றம். தனக்கே உரிய நீலக் குவளையில் அண்ணன் நீர் பருகிவிட்டானா? அது குடிக்குச் சூழ்ந்த கேடு. தலையில் நீர் ஊற்றிச் சீயக்காய் தேய்த்தால் அஃது அலைத்தல். சுவரில் தான் பென்சிலால் வரைந்த யானையை அன்னை ஈரத்துணி கொண்டு துடைத்துவிட்டால் அது கொலையே, ஐயமில்லை.

இவ்வாறு பிறந்த சினத்தை அக்குழந்தை மறைத்து வைப்பதுமில்லை. நாளைக்கென்று சேர்த்து வைப்பதுமில்லை. தரையில் மல்லாந்து விழும், காலால் உதைக்கும், முகம் சிவக்கும், சிறிது நேரம் ஓசையின்றி வாயை மட்டும் திறந்து, கேட்போர் அஞ்சிய பின்னரே குரலை வெளிவிடும். அடம், முரண்டு, வீம்பு, பிடிவாதம் என இதற்குத் தமிழில் பெயர்கள் பல. இத்தனை பெயர்கள் வழங்குவதிலிருந்தே, இஃது எத்தனை வீடுகளில் எத்தனை தலைமுறையாக நிகழ்ந்து வருகின்றது என்பது விளங்கும். வீட்டில் தம்பியோ தங்கையோ உடைய மாணவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

குழந்தை ஏன் இங்ஙனம் செய்கின்றது? தீய குணத்தால் அன்று. இரண்டு வயதில் அதன் விருப்பங்கள் வளர்ந்தோரின் விருப்பங்களைப் போலவே பெரியவை. அவற்றை எடுத்துரைக்கும் சொற்களோ மிகச் சில. இரண்டு சொற்களை இணைத்துப் பேசும் ஆற்றல் ஏறத்தாழ அவ்வயதில்தான் அரும்புகின்றது. எழும் உணர்ச்சியை அடக்கி ஆள உதவும் முன்மூளைப் பகுதியோ இருபது வயதைக் கடந்த பின்னும் முதிர்ந்துகொண்டிருப்பது. ஆகவே, சொல்ல முடியாததைக் குழந்தை கைகால்களால் சொல்கின்றது; அடக்க முடியாததை அடக்காமல் விடுகின்றது.

1931-ஆம் ஆண்டில் புளோரன்சு குட்டினஃப் என்னும் அமெரிக்க உளநூலறிஞர் குழந்தைகளின் சினத்தைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். 45 குழந்தைகளின் பெற்றோர் தத்தம் வீட்டில் நிகழ்ந்தவற்றை உடனுக்குடன் எழுதி வைத்த குறிப்புகளே அந்நூலுக்கு அடிப்படை. வாழ்வின் இரண்டாம் ஆண்டில் இச்சினம் மிகுந்து பின்னர்க் குறையும் என்பதும், உணவு வேளைக்குச் சற்று முன்னர் அடிக்கடி எழும் என்பதும் அவர் கண்ட உண்மைகளுட் சில. இதனை நம் பாட்டிமாரிடம் கூறினால், “பசித்த பிள்ளை அழும் என்பதற்கு ஒரு நூல் வேண்டுமோ?” என்று வினவுவர். எனினும், பாட்டி அறிந்ததை எண்ணிக் கணக்கிட்டுக் காட்டுவதும் ஒரு தொண்டேயாம்.

காரணம் அறிந்துவிட்டால் போதுமா? போதாது. குழந்தையின் மூளை முதிரவில்லை என்பதை நன்குணர்ந்த தந்தையும், அலுவலகம் செல்லும் அவசரத்தில் அதனை மறந்துவிடுகின்றார். அறிவு கைவிடும் அவ்விடத்தில் அவருக்குத் துணையாக வருவது ஒன்றுண்டு. அது சிரிப்பு.

மதுரையில் ஓர் இல்லம். காலை எட்டு மணி. அன்னை தோசை வார்த்து, சூடு விரைவில் தணியட்டும் என்று அதனை நான்காகப் பிய்த்து மகளின் தட்டில் இட்டாள். செய்த குற்றம் அவ்வளவே. மகள் தட்டை நோக்கினாள், தாயை நோக்கினாள், பின்னர், “ஒட்டு” என்றாள்.

தாய் வேறொரு முழுத்தோசை வார்த்துக் கொணர்ந்தாள். அது வேண்டாவாம். பிய்ந்த தோசையே முழுத்தோசையாக வேண்டுமாம். அலுவலகத்திற்குப் புறப்பட்டு நின்ற தந்தை, தாம் கற்ற கல்வியனைத்தும் இதற்குப் பயன்படாதா என்று எண்ணினார் போலும். நான்கு துண்டுகளையும் வட்டமாகப் பொருத்தி, இடைவெளி தோன்றாதவாறு மிளகாய்ப்பொடியைத் தூவினார். மகள் ஒரு விரலால் பொடியை விலக்கிப் பிளவைக் கண்டுபிடித்தாள். பொற்கொல்லன் நகையில் வைத்த பற்றினைத் தேடும் பாட்டியின் கண்ணும் அத்துணைக் கூர்மை உடையதன்று. “ஒட்டலை!” என்ற முழக்கம் எழுந்தது. எண்ணெய்க் கை இரண்டும் தந்தையின் வெள்ளைச் சட்டையைப் பற்றின. அடுத்த நொடியில் தட்டு உருண்டது.

எட்டரை மணிப் பேருந்து நினைவிற்கு வந்தது. சட்டையில் பத்து விரலும் பதிந்திருந்தன. தந்தையின் கை ஓங்கிற்று.

மகள் தரையில் விழப் போனாள். விழுமுன் திரும்பிப் பின்னால் பார்த்தாள். தரை வெறுந்தரையாக இருந்தது. ஓரத்தில் கிடந்த தன் சிறு தலையணையை இழுத்து வந்து, அதனைச் செம்மையாக வைத்து, அதன்மேல் தலைசாய்த்துப் படுத்து, அதன் பின்னரே கதறத் தொடங்கினாள். உலகமே இடிந்து விழுந்தாற்போன்ற அத்துயரத்திலும் தலைக்கு மெத்தென்று இருக்க வேண்டும் என்னும் முன்னறிவு கெடவில்லை. கதறலின் நடுவே சாளரத்தில் ஒரு காக்கை வந்தமர்ந்து கரைந்தது. அழுகை நின்றது. “காக்கா” என்று விரல் நீட்டினாள். “ஆம், காக்கை” என்றார் தந்தை, ஓங்கிய கை ஓங்கியபடியே. செய்தி உறுதிப்பட்டது. காக்கை பறந்தது. விட்ட இடத்திலிருந்து, விட்ட சுருதியிலேயே, அழுகை தொடர்ந்தது.

தந்தைக்குச் சிரிப்பு பீறிட்டது. அதனை மகள் காணாதவாறு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். கை எப்போது கீழே இறங்கியது என்பதை அவரே அறியார்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த பாட்டி அப்போது வாய் திறந்தாள்.

“தம்பி, இதற்கே இப்படித் திகைக்கிறாயே. உனக்கு மூன்று வயது நிரம்பவில்லை. அழகர் வையையில் இறங்கிய அன்று உன் அப்பா உன்னைத் தோளில் சுமந்து சென்றார். பொற்குதிரையைக் கண்டாய். ‘அதை நம் வீட்டில் கட்டு’ என்றாய். அத்தனைக் கூட்டத்திலும் இறங்கி மணலில் உருண்டாய்.”

“அப்பா அடித்தாரா?”

“எங்கே அடித்தார்? ‘கட்டலாம், ஆனால் தினமும் புல் யார் அறுப்பது?’ என்று கேட்டார். நீ அழுகையை நிறுத்தி நன்றாக யோசித்தாய். ‘அம்மா’ என்றாய். அன்றிலிருந்து நானும் அரிவாளோடு காத்திருக்கிறேன். குதிரைதான் இன்னும் வரவில்லை.”

தந்தை மகளின் அருகில் தரையில் அமர்ந்தார். சிதறிய துண்டுகளில் ஒன்றைக் கையில் எடுத்து, முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டு, “ஏ தோசையே! யாரைக் கேட்டு நீ நான்கானாய்?” என்று அதட்டினார். அழுகையின் ஓசை சிறிது தாழ்ந்தது. தோசை விடை கூறவில்லை. அதன் செருக்கு மகளுக்கும் பொறுக்கவில்லை. தானும் எழுந்து அமர்ந்து ஒரு விரலை நீட்டி அதட்டினாள். முழுத்தோசை நான்காகப் பிய்க்கப்பட்டு, ஒவ்வொரு துண்டும் குற்றம் சாட்டப்பெற்று உண்ணப்பட்டது. எட்டரை மணிப் பேருந்து போய்விட்டது. தந்தை வேறு சட்டை உடுத்து அடுத்த பேருந்தில் சென்றார்.

எல்லா நாளும் இவ்வாறு முடிவதில்லை என்பதையும் கூறல் வேண்டும். அதே மாதத்தில் ஒரு மாலை, கடைத்தெருவில், காற்றடைத்த சிவப்புப் பந்தொன்றின் பொருட்டு அம்மகள் மீண்டும் தரையில் வீழ்ந்தாள். தலையணை இல்லை, காக்கையும் வரவில்லை. தந்தை பந்தை அதட்டிப் பார்த்தார். பயனில்லை. வழிச்செல்வோர் நின்று பார்த்தனர். ஒருவர், “இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அடி இல்லை, அதுதான்” என்று காதில் விழுமாறு கூறிச் சென்றார். கடைத்தெருவில் ஓங்கும் கை பெரும்பாலும் குழந்தைக்காக ஓங்குவதன்று, பார்ப்போருக்காக ஓங்குவதேயாகும். நாணமே அங்குச் சினமாக உருமாறுகின்றது. அத்தந்தை பந்தை வாங்கவுமில்லை, கையை ஓங்கவுமில்லை. வண்டிகள் வராத ஓரமாக மகளைத் தூக்கி வந்து, பக்கத்துப் படிக்கட்டில் அமர்ந்து காத்திருந்தார். பொற்குதிரை கேட்டு உருண்ட தம் பழங்கோலத்தை எண்ணி அவர் புன்னகை செய்ததை வழிச்செல்வோர் தவறாகக் கருதியிருக்கலாம். சில நிமிடங்களில் புயல் ஓய்ந்தது. இச்சினத்தின் ஆயுள் அவ்வளவே. பெரும்பாலான வேளைகளில் ஐந்து நிமிடத்திற்கு மேல் அது நீடிப்பதில்லை. வளர்ந்தோரின் சினம்தான் ஐந்தாண்டு நிற்கும்.

சிரிப்பு என்றவுடன் எல்லாச் சிரிப்பும் ஒன்றெனக் கொள்ளுதல் கூடாது. நகைக்கும் நிலைக்களன்கள் நான்கு என்றார் தொல்காப்பியர். பேதைமையும் மடமையும் அவற்றுள் அடங்கும். ஏனைய இரண்டினுள் ஒன்று எள்ளல்; மற்றொன்று இளமை. பிறரை இழித்துச் சிரிப்பது எள்ளல். இளையோரின் சொல்லும் செயலும் கண்டு உவந்து சிரிப்பது இளமை பற்றிய நகை. தரையில் கிடந்து கதறும் குழந்தையைச் சுற்றி நின்று கைகொட்டிச் சிரித்தல் எள்ளலேயாகும். குழந்தைக்கு மொழி தெரியாதிருக்கலாம்; எள்ளல் தெரியும். அதன் துயரம் பிறர்க்குச் சிறிதாகத் தோன்றினும் அதற்குச் சிறிதன்று. கைகொட்டிச் சிரித்த அண்ணனின் முழங்கையில் பற்குறி பதிந்த வரலாறு பல வீடுகளில் உண்டு. கடித்த குழந்தையின்மீது மட்டும் குற்றம் சுமத்துதல் நடுவுநிலைமை ஆகாது. இந்நாளில் சிலர் அழுகின்ற குழந்தையைக் கைப்பேசியில் படம்பிடித்து உற்றார் உறவினர்க்கெல்லாம் அனுப்புகின்றனர். அதுவும் கைகொட்டிச் சிரித்தலே; கைகளின் எண்ணிக்கைதான் மிகுதி.

பசியாலும் காய்ச்சலாலும் உறக்கமின்மையாலும் அழுகின்ற குழந்தையிடம் எந்தச் சிரிப்பிற்கும் இடமில்லை. முதலில் வயிற்றையும் நெற்றியையும் தொட்டுப் பார்த்தல் வேண்டும்.

சிரிப்பவர் இணங்கிவிடுவார் என்று கருதுவோரும் உளர். அக்பர் அவைக்குக் காலந்தாழ்ந்து வந்த பீர்பாலைப் பற்றி வழங்கும் ஒரு கதை இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. “குழந்தை அழுதது, அதனால் தாமதம்” என்றார் பீர்பால். “ஒரு குழந்தையை அடக்க இயலாதா?” என்று நகைத்தார் அரசர். அவ்வாறாயின் தாமே குழந்தையாக நடிப்பதாகவும், அரசர் தந்தையாக இருந்து அடக்குமாறும் பீர்பால் கூறினார். குழந்தை கரும்பு கேட்டது, வந்தது. துண்டு துண்டாக வெட்டித் தரக் கேட்டது, வெட்டினர். பின்னர், வெட்டிய துண்டுகளை முன்போல் ஒரே கரும்பாக்கித் தா என்று உருண்டு புரண்டது. நாடாளும் வேந்தரும் தோற்றார். கேட்டதெல்லாம் கொடுத்துக்கொண்டே சென்றால் ஈற்றில் கொடுக்க இயலாத ஒன்று கேட்கப்படும் என்பதை அக்கதையைக் கட்டியவர் நன்கறிந்திருந்தார். அவர் வீட்டிலும் ஒரு குழந்தை இருந்திருத்தல் வேண்டும்.

தமிழ்ப் புலவர்கள் இத்துறையில் கைதேர்ந்தவர்கள். திருவில்லிபுத்தூர்ப் பெரியாழ்வார் தம்மை யசோதையாக எண்ணிப் பாடினார். கண்ணன் நீராட மறுக்கின்றான். மேனி முழுதும் வெண்ணெயும் புழுதியும். தாய் அவனை அடிக்கக் கோல் எடுக்கவில்லை. இன்று உன் பிறந்த நாள்மீனாகிய திருவோணம் என்கிறாள்; அப்பமும் சிற்றுண்டியும் சுட்டு வைத்திருப்பதாகக் கூறுகிறாள்; இக்கோலத்தில் நப்பின்னை கண்டால் சிரிப்பாள் என்றும் சொல்லிப் பார்க்கிறாள். உலகளந்தவன் ஒரு குடம் வெந்நீருக்கு அஞ்சி நிற்கும் இக்காட்சியில் பத்தியும் நகையும் பிரிக்க இயலாதவாறு கலந்துள்ளன.

பிள்ளைத்தமிழில் வரும் அம்புலிப் பருவம் இதனினும் நயமுடையது. குழந்தை நிலவைக் கேட்டு அடம் பிடிக்கும் வழக்கத்திலிருந்தே இப்பருவம் தோன்றியிருத்தல் வேண்டும். குழந்தையுடன் விளையாட வருமாறு நிலவை அழைப்பதே அதன் பொருள். அரசர்க்குரிய சாமம், பேதம், தானம், தண்டம் என்னும் நான்கு வழிகளையும் புலவர் அதன்கண் கையாள்வர். இனிய சொல்லால் அழைப்பர். குழந்தைக்கும் நிலவுக்கும் உள்ள வேற்றுமையை எடுத்துக் காட்டுவர். வந்தால் பெறும் பயனைக் கூறுவர். வாராவிடின் நேரும் தீங்கைச் சொல்லி அச்சுறுத்துவர். அவ்வச்சுறுத்தல் அடம் பிடிக்கும் குழந்தைக்கன்று. வானில் தன் வழியே செல்லும் நிலவுக்கு! மதுரை மீனாட்சியம்மைக்குக் குமரகுருபரர் பாடிய பிள்ளைத்தமிழிலும் இந்நிலவு இப்பாடு பட்டது. அதே மதுரையில் தோசையை அதட்டிய தந்தை இந்நூலைப் படித்தவரோ, அறியோம். படியாமலே கைவந்திருப்பின் வியப்பில்லை. கால் தடுக்கி விழுந்த குழந்தைக்காக வாயிற்படியை அடிக்கும் வழக்கம் இன்றும் உண்டன்றோ? தன் பிழையைப் பிறர்மேல் ஏற்றக் குழந்தை இதனால் பழகிவிடும் என்று குறை கூறுவோர் உளர். அக்குறையில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆயினும், அடியேற்ற வாயிற்படிகள் எவையும் இதுகாறும் முறையிட்டதில்லை.

இவையனைத்திற்கும் முற்பட்ட சான்று நற்றிணையில் உள்ளது. அதன் 110-ஆம் பாடல் போதனார் என்னும் புலவர் பாடியது. செல்வர் மனை. தேன் கலந்த பாலை ஒளிவிடும் பொற்கிண்ணத்தில் ஏந்தி, “உண்” என்று வேண்டுகின்றனர் செவிலியர். சிறுமி மறுக்கிறாள். அவர்கள் கையில் ஒரு கோலும் உண்டு. அக்கோலை ஓங்குகின்றனர், அதன் நுனியோ பூப்போல் மென்மையானது. அடிக்கும் கருவியையே அடிக்க இயலாதவாறு ஆக்கி வைத்திருந்த அவ்வீட்டாரின் உள்ளத்தை என்னென்பது! சினத்தின் கோலமும் வேண்டும். குழந்தைக்கு நோவும் கூடாது. இவ்விரண்டிற்கும் நடுவே நின்று கைவினை செய்தவர் சிரித்துக்கொண்டேதான் அக்கோலைச் செய்திருப்பார். சிறுமி அஞ்சினாளா? முத்துப்பரல் இட்ட பொற்சிலம்பு ஒலிக்கத் தாவி ஓடினாள். நரைத்த கூந்தலையுடைய செவிலியர் பின்தொடர்ந்து ஓடிக் களைத்து நின்றுவிட்டனர். அவள் பந்தலுக்கு ஓடிவிட்டாள்.

இக்காட்சியை நினைவுகூர்பவள் அவளைப் பெற்ற தாய். இப்போது அச்சிறுமி வளர்ந்து, மணந்து, கணவன் மனையில் வாழ்கிறாள். கணவன் குடி வறுமையுற்றது. தந்தை வீட்டில் கொழுஞ்சோறு உண்டு. அவள் அதனை நினைப்பதில்லை. ஒருபொழுது விட்டு ஒருபொழுது உண்டு வாழ்கிறாள். இத்துணைத் தெளிவு இவளுக்கு எங்கிருந்து வந்தது என்று தாய் வியக்கிறாள். விடையை அவள் கூறவில்லை. அன்று தேன்கலந்த பாலை வேண்டா என்ற உறுதிதான் இன்று தந்தையின் சோற்றையும் வேண்டா என்கின்றதோ? அன்று அக்கோலின் நுனி மட்டும் முள்ளாக இருந்திருப்பின், இவ்வுறுதி இத்துணைக் காலம் தங்கியிருக்குமோ?

தாய் இவற்றை ஆராய்ந்துகொண்டிருக்கவில்லை. மகளின் வறுமையைக் கேட்ட அவ்வேளையில் அவள் கண்முன் நின்றவை, ஆறிக்கொண்டிருக்கும் பாற்கிண்ணமும், பூநுனிக் கோலைப் பற்றியபடி மூச்சு வாங்கும் முதிய செவிலியரும், பந்தலின் அப்பாலிருந்து கேட்கும் சிலம்பொலியுமே.